பி.எஸ்.என்.எல்.: சிம்மை மாற்றுவதா, கம்பெனியை விற்பதா?

வாடிப்பட்டி வாசகர் கேட்டது, 3 அக்டோபர் 2025

4ஜி வந்துவிட்டது, 97,500 டவர் என்று செய்தியில் ஓடுகிறது. எங்கள் வீட்டில் மூன்று சிம். மாதம் ரீசார்ஜுக்கே ஆயிரத்தை நெருங்குகிறது. பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இத்தனை லட்சம் கோடியைக் கொட்டி ஒரு அரசாங்கக் கம்பெனியை எதற்கு இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள்? தனியாருக்கு விற்றுவிட்டுப் போகலாமே. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 அக்டோபர், இரவு

மதுரை கே.புதூரில் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் எஸ்.டி.டி. பூத், காசு கொடுத்து வெளியூருக்குப் பேசுகிற இடம். இந்தக் கம்பெனி போட்ட சோற்றில் குடும்பம் நடந்திருக்கிறது, எனவே என் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சிம். உங்கள் போன் இரண்டு சிம் போடுகிற போன்தானே? இருக்கிற நம்பரை இப்போதே பி.எஸ்.என்.எல்.லுக்கு மாற்ற வேண்டாம். புதிதாக ஒரு பி.எஸ்.என்.எல். சிம் வாங்கி இரண்டாவது இடத்தில் போடுங்கள். வீட்டு அடுப்படி, மாடி, வேலைக்குப் போகிற வழி, சோழவந்தான் பக்கம் போனால் அங்கே என்று ஒரு மாதம் சுற்றிப் பாருங்கள். ஆகஸ்டில் ஒரு ரூபாய்க்குப் புது சிம் கொடுத்தார்கள், ஒரு மாதத்துக்கு தினம் 2 ஜிபி டேட்டாவோடு. என் கடையில் கூட்டம் நெட்டித் தள்ளியது. அந்த மாதிரி சலுகை திரும்ப வந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் பெரிய செலவில்லை.

போனையும் பார்க்க வேண்டும். இவர்களுடைய 4ஜி 700 மெகாஹெர்ட்ஸ், 2100 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வருகிறது. 700 நல்ல அலை. தூரம் போகும், சுவரைத் துளைத்து உள்ளே வரும். ஆனால் உங்கள் போனுக்கு அந்த 700 பிடிக்கத் தெரிய வேண்டும். போன் விவரத்தில் ‘பேண்ட் 28’ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாடல் பலவற்றில் கிடையாது. அப்புறம் டவர் பக்கத்திலேயே நின்றாலும் 2100 மட்டும்தான் கிடைக்கும்.

இரண்டாவது கேள்விக்கு நாளைக்கு வருகிறேன். கடையைச் சாத்துகிற நேரம்.

4 அக்டோபர், காலை

மேலூரிலிருந்து ஒருவர் போர்ட் பண்ணுவது, அதாவது அதே நம்பரோடு கம்பெனி மாறுவது, எப்படி என்று கேட்டிருக்கிறார். இங்கிலீஷில் போர்ட் என்று பெரிய எழுத்தில் அடித்து, இடம் விட்டு உங்கள் நம்பரைப் போட்டு 1900க்கு குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஒரு கோட் வரும். அதோடு ஆதாரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் போதும். இப்போதிருக்கும் கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டாக இருந்தால் பாக்கி இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

வங்கி, கேஸ், ரேஷன் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கிறது என்றால் முகூர்த்த நாளில் மாற்றாதீர்கள். ஓ.டி.பி. வராமல் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் என் கடையில் நின்று பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

5 அக்டோபர், மதியம்

சரி, இரண்டாவது கேள்வி. “தூங்கினார்கள், அதனால் 4ஜி வர இத்தனை வருஷம்” என்று இங்கே நான்கு பேர் எழுதிவிட்டார்கள். தூங்கியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கதை வேறு.

2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல்.லை அரசாங்கத் தொலைபேசி இலாகாவிலிருந்து பிரித்துக் கம்பெனியாக்கினார்கள். 2002 அக்டோபரில் லக்னோவில் வாஜ்பாய் செல்ஒன் மொபைல் சேவையைத் தொடங்கினார். அப்போது செல்ஒன் சிம்முக்கு நம் ஊரில் அடிபிடி. 2004-05இல் லாபம் பத்தாயிரம் கோடிக்கு மேல். தூங்குகிற கம்பெனிக்கு வருகிற லாபமா இது?

அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஆள் சேரச் சேர இன்னும் மெஷின் வாங்க வேண்டும். 2006இல் நாலரைக் கோடி இணைப்புக்கு டெண்டர் விட்டார்கள். தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட மோட்டோரோலா நீதிமன்றம் போனது. இழுத்தடித்து, கடைசியில் பாதியாக வெட்டி வாங்கினார்கள். அடுத்து 9.3 கோடி இணைப்புக்கு ஒரு டெண்டர், அது 2010இல் ரத்து. தனியார்க்காரன் வேண்டும் என்றால் அடுத்த மாதமே டவரில் பெட்டியை ஏற்றிவிடுவான். இவர்கள் அமைச்சகம், விஜிலென்ஸ், நீதிமன்றம் என்று எல்லா வாசலிலும் நின்றுவிட்டு வரும்போது சந்தை வேறு பக்கம் போயிருக்கும்.

அதே 2010இல் இன்னொரு அடி. 3ஜி ஏலம் நடந்தது. இவர்கள் ஏலத்தில் கை தூக்கவே இல்லை. தனியார் போட்டி போட்டு ஏற்றிவிட்ட விலையை, அலைவரிசை ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்த இவர்களும் கட்ட வேண்டும் என்றார்கள். 3ஜியும் வயர்லெஸ் பிராட்பேண்டும் சேர்த்துச் சுமார் 18,500 கோடி. கையிருப்பு அதோடு காலி. 2009-10 கணக்கில்தான் முதல் முறையாக நஷ்டம்.

2016இல் ஜியோ வந்தது. ஊரே 4ஜியில் படம் பார்த்துக்கொண்டிருக்க, இந்தக் கம்பெனிக்கு 4ஜி அலைவரிசை தருவதாக மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது 2019 அக்டோபரில். 2020இல் டெண்டர் விட்டு, சீன எல்லைத் தகராறு வர, அதையும் ரத்து செய்தார்கள். உள்நாட்டிலேயே செய்த கருவிதான் வேண்டும் என்று முடிவானது. டி.சி.எஸ். தலைமையில், டவரில் மாட்டுகிற ரேடியோ தேஜஸ் கம்பெனியுடையது, நடுவில் இருந்து அழைப்பையும் டேட்டாவையும் நடத்துகிற ‘கோர்’ சி-டாட்டுடையது. 2023 மே மாதம் 15,000 கோடி ஆர்டர். 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசா ஜார்சுகுடாவில் பிரதமர் தொடங்கி வைத்தார். நீங்கள் சொன்ன 97,500 அங்கே சொன்ன கணக்கு. அதில் பி.எஸ்.என்.எல். 4ஜி தளங்கள் 92,600.

5 அக்டோபர், இரவு

“டெண்டர் டெண்டர் என்று எழுதித் தூக்கம் வரவைத்துவிட்டீர்கள்” என்று ஒரு தம்பி. சரி தம்பி, தூங்குங்கள். அவர்களும் அதனால்தான் தூங்கினார்கள்.

8 அக்டோபர்

சி-டாட் என்ற பெயரைப் பலர் முதல் முறை கேட்கிறீர்கள் போலிருக்கிறது. பூத் வைத்திருந்தவனுக்கு அது பழைய சொந்தக்காரன் பெயர். 1984இல் தொடங்கிய அரசாங்க ஆராய்ச்சி மையம். அதைத் தொடங்கிய பொறியாளர் சாம் பிட்ரோடா காலம். கிராமத்துக்கு என்று 128 இணைப்பு தாங்குகிற சின்ன எக்ஸ்சேஞ்ச் ஒன்றைச் செய்தார்கள், ‘ராக்ஸ்’ என்பார்கள். ஏ.சி. வேண்டாம், நம் ஊர் வெயிலையும் தூசியையும் தாங்கும். அதுவரை வெளிநாட்டு மாடல் எக்ஸ்சேஞ்ச் என்றால் குளிர்ந்த அறை வேண்டும், மின்சாரமே ஒழுங்காக வராத ஊருக்கு அது எப்படிப் போகும்? இந்தப் பெட்டி வந்த பிறகுதான் சின்ன ஊர்களில் டயல் பண்ணினால் மணி அடித்தது. முதல் பெட்டி 1986இல் கர்நாடகத்தில் கிட்டூரில் வைத்தார்கள்.

இன்றைக்கு 4ஜியின் கோர் அதே சி-டாட். உலகத்தில் சொந்தமாக இதை முழுசாகச் செய்கிற நாடுகள் விரல் விட்டு எண்ணலாம். தாமதமாக வந்தது என்பதும் உண்மை, நம்முடையது என்பதும் உண்மை. இரண்டில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது என்பதில் நானே நாளுக்கு ஒரு பக்கம் பேசுகிறேன்.

12 அக்டோபர், ஞாயிறு

கடை லீவு, எனவே கொஞ்சம் பழங்கதை. பூத் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள்.

எனக்குச் சின்ன வயதில் போலியோ. ஒரு கால் சூம்பிப்போனது. எஸ்.டி.டி. பூத் ஒதுக்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது. அப்படிக் கிடைத்ததுதான். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், மேலே சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர். பேசுகிறவர் கண் முழுக்க மீட்டரில்தான் இருக்கும். பகலில் முழுக் கட்டணம், இரவு ஆக ஆகக் குறையும், 11 மணிக்கு மேல் கால் கட்டணம். எனவே எங்களுக்குத் திருவிழா ராத்திரியில்தான். முறுக்கு போட வடக்கே போன உசிலம்பட்டிப் பிள்ளைகளின் அம்மாக்கள், சிங்கப்பூருக்கு மகனை அனுப்பிய மேலூர்க்காரர்கள், லாட்ஜில் தங்கியிருக்கும் மருந்துக் கம்பெனி பிரதிநிதிகள். அத்தனை பேரும் வரிசையில். கூண்டுக்குள் அழுகிற அம்மாவிடம் மீட்டரைப் பார்த்துக் காசு கேட்பது எனக்குக் கடைசி வரை பழகவில்லை. கேட்காமலும் இருந்ததில்லை.

விடியற்காலையில் வேறு கூட்டம். மல்லி வியாபாரிகள். நிலக்கோட்டையில் என்ன விலை, திண்டுக்கல்லில் என்ன விலை, இரண்டே வார்த்தை, வைத்துவிடுவார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின காலையில் இவர்கள் பேசுகிற சத்தத்தை வைத்தே நான் வீட்டுக்குப் பூ வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

பூத்தை மூட வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? 2006 மார்ச் 1இல் பி.எஸ்.என்.எல்.லும், டெல்லி, மும்பைக்கான அரசாங்கக் கம்பெனி எம்.டி.என்.எல்.லும் சேர்ந்து ‘ஒன் இந்தியா’ திட்டம் கொண்டு வந்தார்கள். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு நிமிடம் ஒரு ரூபாய். அமைச்சர் தயாநிதி மாறன். தனியாரும் அந்த விலைக்கு இறங்க வேண்டியதாயிற்று. எஸ்.டி.டி. என்ற தொழிலே செத்தது. எனக்குப் பிழைப்பு கொடுத்தவர்களே பிடுங்கிக்கொண்டார்கள், நானும் கைதட்டினேன், என் தங்கை அப்போது புனேயில் இருந்தாள்.

12 அக்டோபர், மாலை

ட்ரங்க் கால் பற்றி எழுதவில்லையே என்று ஒரு பெரியவர். ஐயா, அது எனக்கு முந்தின காலம். 180க்கு அடித்து வெளியூர் அழைப்பை புக் பண்ணிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுக் காத்திருப்பார்கள், அவசரம் என்றால் அர்ஜென்ட், உயிர் போகிற அவசரம் என்றால் லைட்னிங், கட்டணம் அதற்கேற்ப எகிறும் என்று அப்பா சொல்லக் கேட்டதுதான். நீங்களே எழுதுங்கள்.

19 அக்டோபர், தீபாவளிக்கு முந்தின நாள்

கடையில் ஈ ஓட்ட நேரமில்லை. ஆனால் “லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போடலாமா, எது நல்லது” என்று நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

செம்புக் கம்பி லேண்ட்லைனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. அங்கே பேட்டரி வரிசையாக இருக்கும், 48 வோல்ட், அந்தக் கம்பி வழியாகவே உங்கள் போனுக்கு வந்துவிடும். வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபர் கண்ணாடி இழை. அதில் வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. வீட்டில் வைக்கிற பெட்டிக்கு உங்கள் வீட்டுக் கரண்ட்தான். எனவே ஃபைபர் போட்டால் அந்தப் பெட்டிக்குச் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கிவிடுங்கள். தனியாக இருக்கிற பெரியவர்கள் வீட்டில் கட்டாயம்.

வேகத்தில் ஃபைபர் பக்கத்தில் செம்பு நிற்கவே முடியாது. செம்புக் கம்பியில் வேறொரு பிரச்சினையும் இருக்கிறது. சாக்கடைக்கும் குடிநீருக்கும் தோண்டாத தெரு மதுரையில் எது? தோண்டுகிற பொக்லைனுக்குக் கீழே இருப்பது செம்பா, கண்ணாடியா, நம் பாட்டி புதைத்த குடமா என்று தெரியாது. ஃபைபரைப் பெரும்பாலும் கம்பத்தில்தான் இழுக்கிறார்கள். அறுந்தாலும் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும், ஒட்ட வைப்பதும் சீக்கிரம்.

இதில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் வீட்டுக்கு பி.எஸ்.என்.எல். ஃபைபர் போட வருகிறவர் பெரும்பாலும் உங்கள் தெரு கேபிள் டிவிக்காரர். கம்பெனி எக்ஸ்சேஞ்ச் வரை இணைப்பு கொடுக்கும். அங்கிருந்து வீட்டு வாசல் வரை இழுப்பது, பெட்டி வைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கட்டணத்தில் பங்கு. டிவி சந்தாக்காரர்கள் எல்லாம் ஓ.டி.டி.க்கு ஓடிவிட்ட காலத்தில் அந்தக் கேபிள்காரர்களில் பலரைப் பிழைக்க வைத்தது இதுதான். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அவருக்கே போன் போடுங்கள். நல்ல ஆளாக இருந்தால் ஏணியோடு வந்து நிற்பார். சேவை நன்றாக இருப்பதும் கெட்டுப்போவதும் பாதிக்கு மேல் அவர் கையில். எனவே ஃபைபர் போடுமுன் கம்பெனியை விசாரிக்காதீர்கள், உங்கள் தெருக்காரரை விசாரியுங்கள்.

நாளைக்குத் தீபாவளி. யாரும் கேள்வி கேட்காதீர்கள்.

27 அக்டோபர்

நான் இல்லாத நேரத்தில் இங்கே சண்டை. ஒருவர் “லாபத்துக்கு வந்துவிட்டது” என்கிறார், இன்னொருவர் “நஷ்டம், பொய் சொல்லாதே” என்கிறார். இரண்டு பேரும் சரி. 2024-25இன் மூன்றாம் காலாண்டில் 262 கோடி லாபம், நான்காம் காலாண்டில் 280 கோடி லாபம். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு லாபத்தைப் பார்த்ததே அப்போதுதான். ஆனால் அந்த முழு வருஷத்துக் கணக்கு 2,247 கோடி நஷ்டம். அதற்கடுத்த காலாண்டில் மறுபடி ஆயிரம் கோடிக்கு மேல் நஷ்டம். கொடி ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

வாடிப்பட்டிக்காரர் கேட்ட “லட்சம் கோடி” விஷயம். கம்பெனிக்குப் ‘புத்துயிர்’ கொடுக்க என்று அரசாங்கம் அறிவித்தது 2019இல் சுமார் 69,000 கோடி, 2022இல் 1.64 லட்சம் கோடி, 2023இல் 89,047 கோடி. தலை சுற்றும். ஆனால் 2022இன் தொகையில் ரொக்கமாக வந்தது சுமார் 44,000 கோடிதான். மற்றது பழைய பாக்கியைப் பங்காக மாற்றியது, அலைவரிசையைப் பங்குக்கு ஈடாகக் கொடுத்தது இப்படி. 2023இன் 89,047 கோடியும் பெரும்பாலும் அலைவரிசைக்குப் போட்ட விலை. அரசாங்கம் தன் வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் வைத்துக்கொண்டது. அதை ஏலத்தில் விட்டிருந்தால் யாராவது வாங்கியிருப்பார்களே என்று கேட்கலாம். 2016, 2021 ஏலங்களில் இந்த 700 மெகாஹெர்ட்ஸை ஒருவரும் சீண்டவில்லை, 2022இல் ஜியோ மட்டும் வாங்கியது.

சம்பளப் பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு சார்பாகப் பேசுகிறேன் என்பீர்கள். 2019 வாக்கில் வருமானத்தில் முக்கால் பங்கு சம்பளத்துக்கே போனது. அந்த வருஷம் பிப்ரவரிச் சம்பளமே நேரத்துக்குப் போடவில்லை. விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,569 பேர் வெளியே போனார்கள், கிட்டத்தட்ட பாதி ஆட்கள். என் கடைக்கு டீ குடிக்க வருகிற லைன்மேன் அண்ணன் ஒருவர் அதில் போனவர். எந்தத் தெருவோரப் பில்லர் பெட்டியிலிருந்து எந்த ஜோடிக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்று புதூரும் மூன்றுமாவடியும் அவர் மனதிலேயே வரைபடமாக இருந்தது. சம்பளக் கணக்கு சரியாயிற்று, அந்த வரைபடம் அவரோடு வீட்டுக்குப் போயிற்று. இன்றைக்கும் வந்து உட்கார்ந்தால் எதிர்க் கம்பத்தைப் பார்த்து, “தம்பி, அந்த டிபி பாக்ஸ் மூடி திறந்து கிடக்கு” என்பார்.

29 அக்டோபர்

“அப்போ விற்கலாமா கூடாதா, அதைச் சொல்லுங்க” என்று ஒருவர் கேட்டுவிட்டார். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கூடாது. என் காரணம் கடைக் கல்லாவிலிருந்து வருகிறது.

2024 ஜூலை தொடக்கத்தில் மூன்று தனியார் கம்பெனிகளும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றின. அந்த மாதம் மூவருமே சந்தாதாரர்களை இழந்தார்கள், பி.எஸ்.என்.எல். மட்டும் 29 லட்சம் பேரைக் கூட்டியது. என் கடையில் போர்ட் பண்ண வந்தவர்களில் பாதிப் பேர் 4ஜி இருக்கிறதா என்றே கேட்கவில்லை. கோபம்தான். பெருங்குடும்பம், நாலைந்து சிம், இன்கமிங்குக்காகவே மாதா மாதம் கட்ட வேண்டும் என்றால் எங்கே போவார்கள்? 2018இல் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாடு பட்ட அவதி நினைவிருக்கிறதா? பத்துப் பன்னிரண்டு கம்பெனி இருந்த சந்தை. இன்றைக்குத் தனியாரில் மூன்று, அதிலும் ஒன்று தள்ளாடுகிறது.

ஆனால் 29ஐ வைத்து ரொம்பக் குதிக்கவும் கூடாது. அந்த வருஷம் நவம்பரிலிருந்து எண்ணிக்கை மறுபடி இறங்கத் தொடங்கியது. கோபத்தில் வந்தவர்கள் வீடியோ ஓடவில்லை என்று திரும்பிவிட்டார்கள். மலிவாக இருப்பது மட்டும் போதாது என்று அதில் தெரிந்துவிட்டது. எனவே என் “கூடாது”வுக்கு ஒரு வால் உண்டு: வாங்குவதற்கும் விற்பதற்கும் அந்தக் கம்பெனி தானே முடிவெடுக்க விட வேண்டும். விடாமல் 5ஜிக்கும் இதே மாதிரி காக்க வைத்தால் அடுத்த ‘புத்துயிர்’ தொகைக்கு நானே முதல் ஆளாகத் திட்டி எழுதுவேன்.

இன்னொன்று, விற்கிறோம் என்றால் எதை விற்பார்கள்? சந்தாதாரர்களையா? வாங்க வருகிறவன் கண் தல்லாகுளம் மாதிரி ஊர் நடுவில் இருக்கிற நிலங்கள் மேல்தான் இருக்கும். கட்டடம் போய்விடும். பேரையூர் மலையடிவாரத்து டவரை யார் பார்த்துக்கொள்வார்? சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டது 2020இல் இந்தக் கம்பெனி, 1,224 கோடி செலவு. லாபக் கணக்கு மட்டும் பார்க்கிறவன் போட்டிருப்பானா?

30 அக்டோபர்

அந்தமானை எதற்கு இழுத்தீர்கள், மதுரை பற்றிப் பேசுங்கள் என்கிறார் ஒருவர். என் மச்சான் போர்ட் பிளேயரில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறான். அதனால் இழுத்தேன்.

2 நவம்பர்

வாடிப்பட்டிக்காரர் ஒரு ரூபாய் சிம் வாங்கிவிட்டாராம். தீபாவளிச் சலுகையில் வாங்கியது. “டேட்டா பரவாயில்லை, ஆனால் யாராவது கூப்பிட்டால் 4ஜி போய்விட்டு 2ஜி வருகிறது” என்று எழுதியிருக்கிறார். செட்டிங்கில் சிம் பகுதிக்குப் போய் ‘வோல்ட்டி’ (VoLTE, 4ஜியிலேயே பேச வைக்கிற வசதி) என்பதை ஆன் பண்ணுங்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லையென்றால் போன் சாப்ட்வேரை அப்டேட் பண்ணிப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அந்த மாடல் இந்த நெட்வொர்க்கில் வோல்ட்டியை ஏற்கவில்லை என்று அர்த்தம், சிம்மைக் குறை சொல்லிப் பயனில்லை. மாடல் நம்பரை இங்கே போடுங்கள், பேண்ட் 28ம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அப்பா, அம்மா நம்பர்களை அதற்குள் போர்ட் பண்ணிவிடாதீர்கள்.